பாய் தாண்டிய வீடு

வெங்காயம் பிடுங்கிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் லும்பான் ரிஹிட் கிராமத்தில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எதிர்க்கரை மலையிலிருந்து மேகம் ஏரிமேல் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே மூங்கில் கட்டி வெங்காயத்தைத் தாளோடு தொங்கவிடுவோம். கீழே புகை போடுவோம். அப்படியும் பாதி அழுகும். அந்த நாற்றம் படியேறி வந்து தலையணையிலும் சோற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். அந்த வருஷம் அழுகலோடு இரண்டு சாவும் சேர்ந்துகொண்டது.

கரையிலிருந்து மேடு வரைக்கும் உள்ள பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தது எங்கள் ஜெபக்குழு. வியாழன் சாயங்காலம் ஒரு வீட்டில் கூடுவோம். ஞாயிற்றுக்கிழமை மேட்டுக் கோயிலில் முந்நூறு பேரோடு உட்கார்ந்து கேட்டது திங்கட்கிழமை களை பிடுங்கும்போதே மறந்துபோகும். வியாழக்கிழமை அப்படி இல்லை. முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒளிய முடியாது. யார் மருமகளோடு பேசுவதில்லை, யார் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்தான் எல்லாம் ஜெபத்துக்குள் வரும். விழுந்து கிடந்தவனும் ஆமென் சொல்லியாக வேண்டும். திட்டிக்கொண்டேதான் போவோம், ஆனால் போகாமல் இருக்கமாட்டோம்.

குழுவுக்கென்று மூன்று கோரைப் பாய்கள் உண்டு. சேர்த்துச் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருக்கும். கூட்டம் முடிந்து காப்பி குடித்ததும், அடுத்த முறைக்காரி எழுந்து "அடுத்த வியாழன் எங்க வீட்டுல" என்று சொல்லி அந்தச் சுருட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். பாய் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் அடுத்த கூட்டம். கரையில் தொடங்கி வீடு வீடாக மேடேறி, மறுபடி கரைக்கு வரும். பிள்ளை பெற்ற வீடு, சாவு விழுந்த வீடு என்று எதையும் தாண்டியதில்லை.

நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் அடுப்படிப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மோனாங் அம்மாவின் அடுப்படி. அவள் கரண்டியைக் கீழே போட்டால் எனக்குக் கேட்கும். எங்களில் மூத்த பிள்ளையின் பெயர்தான் தாய்தகப்பனுக்கும் பெயர். பிள்ளை செத்தாலும் அந்தப் பெயர் போவதில்லை. கூப்பிடுகிற நமக்குத்தான் நாக்கு கூசும்.

மோனாங் படகோட்டி. மதியக் காற்று எழும்பிய பிறகு மூட்டை நிறைய ஏற்றிக்கொண்டு படகு எடுக்கக்கூடாதென்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். சந்தை நாள், வெங்காயம் அழுகுகிறது, எடுத்துவிட்டான். மூட்டைகளுக்கு மேல் டூமா உட்கார்ந்திருந்தாள். டூமா அவனுக்கு மாமன் மகள், முறைப்பெண். வருகிற அறுப்புக்குப் பிறகு பேச்செடுக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் மனசுக்குள் வைத்திருந்தார்கள். நடு ஏரியில் படகு கவிழ்ந்தது. நாணல் ஒதுங்கும் இடத்தில் இரண்டு பேரையும் பிணமாக எடுத்தோம். ஒரே மேட்டில் இரண்டு குழி வெட்டினார்கள்.

மருமகன் செத்தால் தாய்மாமன் கோடித் துணியோடு வந்து போர்த்தவேண்டும். டூமா அப்பாதான் மோனாங்குக்குத் தாய்மாமன். போதகர் நேரமாகிறது என்று இரண்டு தரம் சொன்னார். மோனாங் அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த அண்ணன் வரவில்லை. கடைசியில் மோனாங் ராத்திரி போர்த்திப் படுக்கிற போர்வையையே போட்டு மூடினார்கள்.

அதற்குப் பிறகும் மோனாங் அம்மா வியாழக்கிழமை தவறாமல் வந்தாள். கதவை ஒட்டி உட்காருவாள். டூமா அம்மா எந்த வீட்டுக்கும் வரவில்லை. பாய் ஒவ்வொரு வீடாக நகர்ந்து, கூட்டத்தை நடத்துகிற மாங்கிரிங் மூப்பர் வீட்டுக்கு வந்தது. அடுத்தது மோனாங் வீடு. அதற்கடுத்தது லிந்தோங் அம்மா வீடு.

லிந்தோங் அம்மாவுக்கு ஊரில் எல்லாக் காரியமும் தன் காரியம். மூப்பர் வீட்டுப் படிக்கட்டில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நான் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன்.

"மூப்பரே, பாய் அந்த வீட்டுக்குப் போச்சுன்னா டூமா அம்மா இனி ஜென்மத்துக்கும் நம்ம கூட்டத்துக்கு வரமாட்டா. சொல்லிட்டேன்."

"அதுக்காக முறையத் தாண்டச் சொல்றியா?"

"யாரு தாண்டச் சொன்னா? தள்ளி வைப்போம்ங்கறேன். அவளுக்கும் நல்லதுதான. மகனப் பறிகுடுத்தவ, வாரவுகளுக்கெல்லாம் அரிசி இடிச்சு லாப்பெட் பலகாரம் அவிச்சுக்கிட்டா இருப்பா?"

"அது சரி. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா வேணும்னுதான் சொல்லுவா. நம்மதான் பாத்துச் செய்யணும்."

மாங்கிரிங் மூப்பர் நல்ல மனுஷர். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் இன்னும் நல்லவராகிவிடுவார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரக்கத்தில் செய்கிற காரியம்தானே என்று எனக்கும் பட்டது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து காப்பிக் கோப்பைகளை அடுக்கும்போது மோனாங் அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். வாயைத் திறப்பதற்குள் லிந்தோங் அம்மா சுருட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ நீங்க சிரமப்பட வேணாம் மதினி. அடுத்த வியாழன் எங்க வீட்டுல."

மோனாங் அம்மா நின்றாள். மூப்பரைப் பார்த்தாள். மூப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். எல்லாருக்கும் அந்த நேரம் ஏதோ ஒரு வேலை இருந்தது.

"சரி மதினி," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். கால்மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்ததை நான்தான் பார்த்தேன்.

அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் கேட்டது என் காதில் விழுந்தது.

"பாய் எங்க?"

"லிந்தோங் வீட்டுக்குப் போயிருச்சு."

"அடுத்தது நம்ம முறைல்ல?"

அவர் சிரித்தார். மகன் போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. கேட்காமலே இருந்திருக்கலாம்.

"ஒன் அண்ணன் துணி போடல. பொறுத்துக்கிட்டேன். பிள்ளையப் பறிகுடுத்தவன், சரின்னு விட்டேன். இவங்களுக்கு நாம என்ன செஞ்சோம்? இனி இங்க இருக்கணுமா? தம்பி சிடிகாலாங்குல காப்பித் தோட்டம் பாக்குறான். போயிருவோம்."

"அவன மேட்டுல விட்டுட்டா?"

"அவன் எங்க இருந்தா என்ன. நாம இருக்கற எடத்துல நம்மள மனுஷனா மதிக்கணும்."

அவள் பானையை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்.

"வியாழன் வரைக்கும் பொறு. முறை நம்மளது. நான் அவிப்பேன். யாரும் வரலன்னா மறுநாள் நீ சொல்ற எடத்துக்கு வரேன். அப்புறம் ஒரு பேச்சுப் பேசமாட்டேன்."

வியாழக்கிழமை காலையிலேயே இடிக்கிற சத்தம் கேட்டது. ஊறவைத்த அரிசியை உரலில் போட்டு ஒற்றை ஆளாக இடித்தாள். எப்போதும் எதிர் உலக்கை மோனாங் போடுவான், கிண்டல் பேசிக்கொண்டே. தேங்காய் துருவி, பனைவெல்லம் சீவி, மாவில் பிசைந்து, வாட்டிய வாழையிலையில் கூம்பு கூம்பாக மடித்தாள். மழை தூறிக்கொண்டே இருந்தது. நான் தூக்குவாளி கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன்.

"யாருக்கு மதினி இம்புட்டு?"

"கூட்டத்துக்கு."

"கூட்டம்... லிந்தோங் வீட்டுலன்னு..."

"தெரியும்," என்றாள். "ஒனக்கு வாளி வேணுமா, சேதி வேணுமா?"

வாளியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படிக்கட்டுக்குக் கீழே அவள் புருஷன் அழுகின வெங்காயத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாக்குகள் கிடந்தன. ஒன்றில் சட்டிபானை கட்டியாகிவிட்டது.

சாயங்காலம் லிந்தோங் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வீட்டைக் கடந்துதான் மேடேறவேண்டும். வாசல் திறந்திருந்தது. விளக்குப் போட்டிருந்தது. வெந்த இலை வாசம் பாதையில் வந்தது. குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கடந்தோம். மழைக்காகச் சாய்த்தோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

லிந்தோங் வீட்டில் எங்களுக்கு முன்னாலேயே டூமா அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். மகளை மண்ணுக்குக் கொடுத்த பிறகு அவள் வெளியே வந்த முதல் நாள். கன்னம் ஒட்டிப்போய், தோளில் துணி நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. லிந்தோங் அம்மா அவளுக்கு வெந்நீர் கொடுத்தாள், தலைக்கு மேல் ஒழுகுகிறதா என்று பார்த்தாள். தன் யோசனை பலித்த பெருமை அவள் நடையிலேயே தெரிந்தது.

பாட்டுப் பாடினோம். எங்கள் ஆட்களுக்குக் கல் அடுப்புக் கூட்டத் தெரியாவிட்டாலும் நாலு குரலில் பாடத் தெரியும். அன்றைக்கு அடிக்குரல் இல்லை. அது மோனாங்கும் அவன் அப்பாவும் பிடிக்கிற குரல். கால் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி பாட்டு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது.

பாட்டு முடிந்ததும் லிந்தோங் அம்மா ஒரு தட்டில் கடை பிஸ்கட்டைக் கொண்டு வந்து ஓரமாக வைத்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னைக்கு இதுதான். கோவிச்சுக்காதீங்க. லாப்பெட் அவிக்க அரிசி ஊறப்போடல. என் முறை இல்லாததால தோது பண்ணிக்க முடியல."

டூமா அம்மா தலை நிமிர்ந்தாள்.

"ஒன் முறை இல்லையா?"

லிந்தோங் அம்மா பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"பாய் ஒன் வீட்டுக்கு வந்தாச்சுன்னு கேள்விப்பட்டுதான் வந்தேன். அப்ப அவ வீட்டுக் கூட்டம் முடிஞ்சிருச்சு, இனி தைரியமாப் போகலாம்னு வந்தேன். முடியலயா?"

"அது வந்து மதினி," என்றாள் லிந்தோங் அம்மா. "ஒங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு... நாங்கதான் பேசி..."

"யாரு பேசுனது?"

மூப்பர் தொண்டையைச் செருமினார். "நாந்தாம்மா. ஒங்களுக்காகத்தான்."

"நான் ஒங்ககிட்டக் கேட்டேனா அமாங்?"

பெரியவரை மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். அந்த மரியாதையில் மூப்பர் குன்றிப்போனார்.

"கோடித் துணி போடலன்னு ஊரே பேசுது. பேசட்டும். அது எங்க வீட்டுக்காரர் கோவம். என் கோவமும்தான். ஆனா நான் அவ வீட்டுக்கு வராம இருந்தா அது என்னோட போகும். என் பேரச் சொல்லி நீங்க எல்லாரும் அவ வீட்டத் தாண்டுவீங்களா? டூமா பேரு இதுக்கா இருக்கு?"

எழுந்து நின்றாள். "எந்திரிங்க."

எங்களுக்குப் புரியவில்லை.

"பாய்லருந்து எந்திரிங்கன்னு சொன்னேன்."

கூட்டமே எழுந்து சுவரோரம் ஒதுங்கியது. மூப்பர் வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் செருப்புத் தேடினார். பிஸ்கட் தட்டை லிந்தோங் அம்மா அவசரமாக எடுத்தாள். டூமா அம்மா முட்டிபோட்டு மூன்று பாயையும் சுருட்டினாள். கயிறு அவளுக்குக் கட்ட வரவில்லை. நான் குனிந்து கட்டிக்கொடுத்தேன். தலையில் வைத்துக்கொண்டு குடை இல்லாமல் இறங்கிப் போனாள்.

வெறும் பலகையில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு லிந்தோங் அம்மாதான் முதலில் முக்காடு போட்டாள். அவளைப் பற்றி நான் எத்தனையோ சொல்லுவேன், இதையும் சொல்லவேண்டும். "நிக்கிறீங்களே, எறங்குங்க," என்று மூப்பரைத் தள்ளாத குறையாக இறக்கினாள்.

நாங்கள் போனபோது டூமா அம்மா படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். மோனாங் அப்பா வெங்காயக் கூடைக்கு முன்னால் குத்தவைத்தபடி அவளைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. கையை எடுத்து வழியில் கிடந்த சாக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். அவ்வளவுதான். மேலே வாசலில் மோனாங் அம்மா வந்து நின்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராத," என்றாள் டூமா அம்மா கீழிருந்தே. "ஒன் மகன என்னால மன்னிக்க முடியல. இன்னைக்கு ஒன் வீட்டு முறை. அதனால வந்திருக்கேன்."

"ஏறி வா மதினி. பாய் நனையுது."

பாயின் வெளிச்சுற்று நனைந்துதான் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தோம். மோனாங்கின் படம் சுவரில் இருந்தது. டூமா அம்மா அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். யாரும் இடம் மாறச் சொல்லவில்லை. மூப்பர் வாசித்தார். என்ன வாசித்தார் என்று எனக்கு நினைவில்லை, அவர் குரல் உடைந்தது மட்டும் நினைவிருக்கிறது. வாசித்து முடித்து எப்போதும் கேட்கிறதைக் கேட்டார்.

"மனசுல இருக்கறத யாராவது சொல்லணும்னா சொல்லலாம்."

வழக்கமாக இந்த இடத்தில் முழங்கால் வலி, பன்றிக்கு வந்த சீக்கு எல்லாம் வரும். அன்றைக்கு டூமா அம்மா பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு டூமா பஸ்ஸுலதான் போறதா இருந்துச்சு. நான்தான் படகுல போகச் சொன்னேன். ஒன் அத்தை மகன் போறான், கூடப் போடின்னேன். மாட்டேன்னா. வெக்கப்படுறான்னு நெனச்சேன். காத்து எழும்பிருச்சு, மூட்டையும் கூடத்தான் இருந்துச்சு, கரையில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டும் பேசிப் பழகட்டும்னு தோணுச்சு." நிறுத்தினாள். "வீட்டுக்காரர்கிட்ட இத இன்னும் சொல்லல. கோயில்ல போய் உக்காந்தா அத்தன தலைக்கு நடுவுல இது வாய்க்கு வரல. சாமிகிட்டக் கூட வரல."

மோனாங் அம்மா அவளைப் பார்த்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

"மூட்டைய அவன் தோளுக்குத் தூக்கி விட்டது நான்தான் மதினி," என்றாள். "போதும்டான்னு ஒரு வார்த்தை சொல்லல. வெங்காயம் அழுகுதேன்னு பாத்தேன்."

மூப்பருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல நூறு வசனம் தெரியும். ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்து இருந்தார். அவர் எங்களுக்குச் செய்த ஊழியத்திலேயே பெரியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பாட்டு மறுபடியும் அடிக்குரல் இல்லாமலே முடிந்தது. கீழே வெங்காயம் கூடையில் விழுகிற சத்தம் மட்டும் பாட்டு முடியும் வரை கேட்கவில்லை. மோனாங் அப்பா கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொன்னோம். தூக்கத்திலும் வருகிற ஜெபம். நாங்கள் மற்றவர்களை மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்கிற வரி வந்தபோது டூமா அம்மாவின் குரல் நின்றது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது அடுப்பு அணைந்த மாதிரி தெரிந்தது. பற்கள் இறுகி, கண்ணைத் திறந்து, பாயைப் பார்த்தபடி இருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. அந்த வரி கடந்ததும் அடுத்த வரியில் எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

லாப்பெட் சூடு ஆறிவிட்டிருந்தது. டூமா அம்மா ஒன்றை எடுத்து இலையைப் பிரித்தாள். பாதி தின்றாள். மீதியை இலையோடு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து பாயைச் சுருட்டினாள்.

"அடுத்த வியாழன் எங்க வீட்டுல."

அவள் வீடு மேட்டுக் கடைசியில். அடுத்த முறை அவளுடையது இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

"அண்ணன் இருப்பாரா?" என்று கேட்டாள் மோனாங் அம்மா.

"இருப்பாரு. பேசமாட்டாரு. நீ வந்து ஒக்காரு."

மறுநாள் விடியற்காலை சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. சட்டிபானை ஒவ்வொன்றாகச் சுவர்த் தட்டில் ஏறியது. யார் அடுக்கினார்கள் என்று தெரியவில்லை, பேச்சுச் சத்தம் இல்லை. அழுகின வெங்காயத்தை அந்த வருஷம் ஏரியில் கொட்டினோம்.

டூமா அப்பா இன்னும் தங்கையோடு பேசவில்லை. மோனாங் குழிமேட்டில் கோடித் துணி விழவில்லை. மோனாங் அப்பா கூட்டம் நடக்கும்போது வாசல்படியில் வந்து உட்காருகிறார், உள்ளே வருவதில்லை. பாய் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வியாழனும் ஜெபத்தில் அந்த மன்னிப்பு வரி வரும்போது எங்கள் குழுவில் ஒரு குரல் குறையும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மோனாங் அம்மா மட்டும் அந்த ஒரு வரியை, டூமா அம்மாவுக்கும் சேர்த்து, கொஞ்சம் உரக்கச் சொல்வாள்.